மழை நாட்டில் ஏன் வறட்சி? காற்றும் மலையும் கடலும் சொல்லும் பாடம்



நம் ஞாயிறு வகுப்பில் சமயப் பாடம் முடிந்த பிறகு அரை மணி நேரம் பொது அறிவுக்கு ஒதுக்குகிறோம். அந்த அரை மணியில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "அண்ணே, நம்ம ஊர்லதான் சும்மா சும்மா மழை பேயுதே, அப்புறம் எப்படி தண்ணி இல்லாம போகுது?" கேள்வி சின்னது. ஆனால் இதற்குச் சரியாகப் பதில் சொல்ல, காற்று, மலை, கடல் என மூன்றையும் ஒரு சுற்று சுற்றி வரவேண்டும். புவியியல் பாடத்தை எஸ்பிஎம் தேர்வோடு மூட்டை கட்டி வைத்தவர்களும் கொஞ்சம் கூடவே வாருங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோலாலம்பூரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 2,400 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. தமிழ்நாடு முழுவதற்குமான சராசரி 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் பாட்டன் பூட்டன் விட்டு வந்த மண்ணைவிட நாம் வாழும் இந்த மண்ணில் இரண்டு மடங்குக்கு மேல் மழை. அப்படியிருந்தும் 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. 2014இல் மறுபடியும் வந்தது. ஆகவே "மழை நிறைய பேஞ்சா வறட்சி வராது" என்ற நம் எண்ணத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைத் தேடுவதுதான் இந்தப் பாடம்.

வறண்ட இடம் வேறு, வறட்சி வேறு

பாலைவனத்தில் மழை பெய்யாதது வறட்சி அல்ல. அந்த இடத்தின் இயல்பே அது. வறட்சி என்பது ஓர் இடத்திற்கு வழக்கமாக வரவேண்டிய நீர் வராமல் போவது. ஆயிரம் மில்லிமீட்டருக்குப் பழகிய ஊரில் அறுநூறு பெய்தால் வறட்சி. இரண்டாயிரத்து நானூறுக்குப் பழகிய ஊரில் ஆயிரத்து எழுநூறு பெய்தாலும் வறட்சிதான். ஏனென்றால் நம் அணைக்கட்டுகள், குழாய்கள், மக்கள்தொகை எல்லாமே அந்த வழக்கமான அளவை நம்பித்தான் அமைந்திருக்கின்றன.

அறிஞர்கள் வறட்சியை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். முதலில் வானம் பொய்க்கிறது, அது வானிலை வறட்சி. பிறகு மண்ணின் ஈரம் போய்ப் பயிர் வாடுகிறது, அது வேளாண்மை வறட்சி. அதற்கும் பிறகு ஆறும் அணையும் நிலத்தடி நீரும் இறங்குகின்றன, அது நீரியல் வறட்சி. கடைசியில் குழாயில் தண்ணீர் வரவில்லை, விலை ஏறுகிறது, வேலை கெடுகிறது. அது சமூகப் பொருளாதார வறட்சி.

இந்த நான்கும் ஒரே நாளில் வருவதில்லை. வானம் பொய்த்துச் சில வாரங்கள், சில நேரம் சில மாதங்கள் கழித்துத்தான் குழாய் வற்றும். மழை திரும்பிய அன்றே குழாயும் திரும்பிவிடாது. 2014இல் நம் வீட்டு மாடியில் மழை கொட்டியபோதும் பங்கீடு நீடித்தது பலருக்குக் கோபமாக இருந்தது. அந்தக் கோபத்திற்கான விளக்கம் இந்த நான்கு படிகளில் இருக்கிறது. காய்ந்த மண் முதலில் தான் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை ஆற்றுக்கு விடும்.

காற்று வரும் திசை: பண்டிகைகளை வைத்துப் படிப்போம்

நமக்கு மழையைக் கொண்டு வருவது பருவக்காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் இடையே காற்று திசை மாறும் காலம் இரண்டு உண்டு. அதை மனப்பாடம் செய்வதைவிட, நம் பண்டிகைகளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது.

தீபாவளி வருவது ஐப்பசியில், அதாவது அக்டோபர், நவம்பர். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிக மழை பெய்யும் காலம் இதுதான். தமிழ்நாட்டிலும் அப்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். இரண்டு ஊரிலும் பட்டாசு நனைவது இதனால்தான்.

தைப்பூசம் வருவது ஜனவரி, பிப்ரவரியில். தமிழ்நாட்டில் பருவமழை ஓய்ந்து, அறுவடை முடிந்து, வானம் தெளிந்திருக்கும் நேரம். இங்கேயும் மழைப்பட்டை பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜாவா பக்கம் நகர்ந்துவிடும். நம் மேற்குக் கரைக்கு ஆண்டில் இரண்டு வறண்ட இடைவெளிகள் உண்டு. அவற்றில் ஒன்று பிப்ரவரியை ஒட்டி வருகிறது. பத்துமலைக்குக் காவடி எடுத்து வெறுங்காலோடு நடப்பவர்களுக்குத் தார்ச்சாலை ஏன் அப்படிச் சுடுகிறது, வழியெல்லாம் ஏன் தண்ணீர்ப்பந்தல் தேவைப்படுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சித்திரைப் புத்தாண்டு ஏப்ரலில். அங்கே வெயில் கொளுத்தும் கோடை. இங்கேயோ காற்று திசை மாறும் காலம், மாலையானால் இடி மின்னலோடு மழை. ஒரே புத்தாண்டு, இரண்டு வானம்.

ஆடி மாதம் இன்னும் சுவையானது. ஆடிப்பெருக்கில் காவிரி பொங்கும். ஆனால் அந்த நேரத்தில் தஞ்சாவூரில் பெரிய மழை இருக்காது. மழை பெய்வது காவிரி பிறக்கும் குடகு மலையில். எங்கோ பெய்யும் மழையை எங்கோ இருக்கும் மக்கள் கும்பிட்டு வரவேற்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும் இடமும் நீர் தேவைப்படும் இடமும் வேறு வேறு என்பதை நம் முன்னோர்கள் ஒரு பண்டிகையாகவே வைத்துப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நமக்கு இங்கே ஆடி பிறப்பதை ஒட்டிய ஜூன், ஜூலை காலம், இரண்டாவது வறண்ட இடைவெளி.

மலை நிற்கும் இடம்

ஈரக்காற்று ஒரு மலையில் மோதினால் மேலே ஏறும். ஏறும்போது குளிரும். குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி மேகமாகி மழையாக விழும். மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. இறங்கும்போது அது சூடாகவும் ஆகிறது. அந்த மறுபக்கத்திற்குப் பெயர் மழை மறைவுப் பகுதி.

தமிழ்நாட்டின் கதையே இதுதான். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளாவில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கேரளாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். மலைக்கு இந்தப் பக்கம் கோயம்புத்தூரில் 700ஐத் தொடுவதே பெரிய பாடு. அதனால்தான் இந்தியாவின் பெரும்பகுதி ஜூன் மாத மழைக்குக் காத்திருக்கும்போது, தமிழ்நாடு மட்டும் அக்டோபர் மழைக்குக் காத்திருக்கிறது. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அந்த மூன்று மாதங்களில் வருகிறது. அந்த ஒரு பருவம் பொய்த்தால் போச்சு. 2016இல் அப்படித்தான் நடந்தது. வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன.

இப்போது நம் தீபகற்பத்தைப் பாருங்கள். நடுவில் தித்திவங்சா மலைத்தொடர். தாய்லாந்து எல்லையிலிருந்து நெகிரி செம்பிலான் வரை கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர், ஒரு முதுகெலும்பு மாதிரி. மேற்கே கடலைத் தாண்டினால் சுமத்ராவில் புக்கிட் பாரிசான் மலைத்தொடர். அதன் உச்சியான கெரின்சி 3,805 மீட்டர். கிள்ளான் பள்ளத்தாக்கு இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே இருக்கிறது.

வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலிலிருந்து ஈரத்தோடு வந்து கிளந்தான், திரங்கானு, பகாங்கில் கொட்டும். தித்திவங்சாவைத் தாண்டி நம் பக்கம் வரும்போது அது இளைத்துவிடும். தென்மேற்குக் காற்றோ சுமத்ரா மலையில் பெரும்பகுதியை இறக்கிவிட்டு நம்மிடம் வருகிறது. இரண்டு பருவத்திலும் நாம் ஏதோ ஒரு மலையின் மறைவில் இருக்கிறோம். நமக்குப் பெரும்பாலும் மழை தருவது காற்று திசை மாறும் காலத்தின் மாலை நேர இடிமழை. தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் புயல்மழையும் உண்டு. அதைச் 'சுமத்ராஸ்' என்றே வானிலைக்காரர்கள் அழைக்கிறார்கள். கிள்ளானில் விடியற்காலை நாலு மணிக்கு ஜன்னல் படபடவென்று அடிக்கிறதா? அது சுமத்ராவிலிருந்து வந்த விருந்தாளி.

மலையின் வேலையை இன்னும் தெளிவாகப் பார்க்க இரண்டு ஊர்கள். பேராக்கில் தைப்பிங், மலையடிவாரத்தில் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. நெகிரி செம்பிலானில் ஜெலெபு, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. எந்தப் பக்கக் காற்று வந்தாலும் மலை மறித்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர்தான். கோலாலம்பூரிலிருந்து காரில் போனால் இரண்டு ஊரும் ஒரே நாள் பயணத்துக்குள். வானம் ஒன்றுதான். மலை நிற்கும் இடம்தான் வேறு.

கடலின் சூடு

மூன்றாவது விஷயம் நம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நடக்கிறது. சாதாரண ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலின் சூடான நீரைக் காற்று மேற்கே, இந்தோனேசியா, நியூ கினி பக்கமாகத் தள்ளி வைத்திருக்கும். சூடான கடலின் மேல் காற்று எழும், மேகம் திரளும், மழை பெய்யும். சில ஆண்டுகளில் அந்தக் காற்று தளர்ந்துவிடும். சூடான நீர் கிழக்கே, தென் அமெரிக்கா பக்கம் நகரும். மழை மேகமும் அதோடு நகரும். நம் வட்டாரத்தின் மேல் காற்று எழுவதற்குப் பதில் இறங்கும். அதுதான் எல் நினோ.

1997-98 எல் நினோ கடந்த நூற்றாண்டின் மிகக் கடுமையான ஒன்று. இந்தோனேசியக் காடுகள் எரிந்து புகைமூட்டம் நம் நாட்டை மூடியது. சபாவும் சரவாக்கும் கடுமையாகக் காய்ந்தன. 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலம் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. அந்த ஆண்டுதான் கிள்ளான் பள்ளத்தாக்கில் அணைகள் இறங்கி, பல மாதம் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை நடத்திய ஆண்டும் அதுதான்.

இந்த எல் நினோவுக்கும் நம் குடும்ப வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1876இல் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. 1877இல் கடுமையான எல் நினோ வந்து நிலைமையை இன்னும் மோசமாக்கியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் இதை முழுக்க வானத்தின் மேல் போட்டுவிட முடியாது. மக்கள் பட்டினி கிடந்தபோதும் தானிய ஏற்றுமதியை அன்றைய காலனி அரசு நிறுத்தவில்லை. சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்று விட்டுவிட்டது. வறட்சியைக் கொண்டு வந்தது வானம். அதைப் பஞ்சமாக்கியதில் மனிதனுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்திலும் அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளிலும் பஞ்சமும் கடனும் நிலமின்மையும் விரட்டியதால்தான் நம்மவர்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். பினாங்கில் இறங்கினார்கள். பிற்பாடு இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். தோட்டத்திற்கும் இரயில் பாதைக்கும் போனார்கள். அவர்கள் தோட்டந்தோறும் முதலில் கட்டியது பெரும்பாலும் மாரியம்மன் கோயில். மாரி என்றாலே மழை. மழைக்கு ஏங்கிய மக்கள், மழை கொட்டும் நாட்டுக்கு வந்த பின்னும் மழையின் பெயரைக் கொண்ட தாயை விடவில்லை. திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே வான் சிறப்பை வைத்தார்.

இன்னொரு செய்தியும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடியவர்களில் ஒருவர் கில்பர்ட் வாக்கர். 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானவர். பசிபிக் கடலின் மேல் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதையும், அங்கே இறங்கினால் இங்கே ஏறுவதையும் கணக்கிட்டுச் சொன்னார். இன்று நாம் எல் நினோவை முன்கூட்டியே அறிவதற்கு அந்தக் கணக்கும் ஓர் அடித்தளம். பஞ்சத்தில் மாண்டவர்கள் விட்டுச் சென்ற கேள்விக்கு அறிவியல் தேடிய பதில் அது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "எல் நினோ வந்தா எல்லா இடத்துலயும் காயும்" என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். 2015 எல் நினோ ஆண்டு. நமக்கு இங்கே கடும் புகைமூட்டம். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் கூடுவதற்கு வாய்ப்பு உண்டு. ஒரே கடல், இரண்டு ஊருக்கு இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. அதேபோல் 2014 தொடக்கத்தில் எல் நினோ இல்லை. ஆனாலும் நம் பக்கம் காய்ந்தது. சிங்கப்பூரில் அந்த ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் ஏறத்தாழ மழையே இல்லை. காரணம் பசிபிக்கில் இல்லை, அந்த ஆண்டின் வடகிழக்குக் காற்றின் வறண்ட கட்டம் கடுமையாகவும் நீண்டும் இருந்ததில் இருக்கிறது.

நாம் வாழும் இடம்: இரண்டு சுரங்கங்கள்

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். நாம் குடிக்கும் நீரில் பாதிக்கும் மேல் வருவது கிள்ளான் ஆற்றிலிருந்து அல்ல, வடக்கே ஓடும் சிலாங்கூர் ஆற்றிலிருந்து. வறண்ட காலத்தில் அந்த ஆற்றுக்குக் கை கொடுப்பது கோலகுபு பாருவுக்கு அருகே மலையில் இருக்கும் சிலாங்கூர் ஆற்று அணை. அந்த அணையில் நீர் சேர வேண்டுமென்றால் மழை அந்த மலையில், அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்ய வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் முழங்கால் அளவு வெள்ளம் ஓடினாலும் அணைக்கு ஒரு சொட்டு ஏறாது. நம் மாலை நேர இடிமழை சில கிலோமீட்டர் அகலமே உள்ளது. செந்தூலில் பெய்யும், பங்சாரில் வெயிலடிக்கும். அப்படியிருக்க ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அணைக்கு நகரத்து மழையால் என்ன பயன்?

2014 மார்ச்சில் அந்த அணையின் நீர் 40 விழுக்காட்டிற்கும் கீழே போனது. செயற்கை மழைக்கு விமானம் பறந்தது. பல பகுதிகளில் இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் இல்லை என்று பங்கீடு. ஏப்ரல் கடைசி வரை அந்த வாழ்க்கை தொடர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கிளந்தானில் வரலாறு காணாத வெள்ளம். ஒரே நாடு, ஒரே ஆண்டு, மலைக்கு இரண்டு பக்கம்.

அப்போது நான் கிள்ளானில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தேன். அந்த வாரங்களில் நான் கற்றது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. தரை வீட்டுக்காரர்களிடம் பெரிய தொட்டி இருந்தது. எங்கள் கட்டடத்தில் மேல்மாடிக்குத் தண்ணீர் திரும்பி ஏற, கீழ்வீடுகளைவிட அதிக நேரமானது. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஐந்தாவது மாடியில் தனியாக இருந்த ஒரு பாட்டிக்கு யார் வாளி தூக்குவது? முதல் இரண்டு முறை யாரும் யோசிக்கவில்லை. பாட்டியே சின்னச் சின்ன பாட்டில்களில் பிடித்து, படிக்குப் படி உட்கார்ந்து ஏறியிருக்கிறார். தெரிந்த பிறகு எங்கள் இளைஞர் குழுவில் நான்கு பேர் முறை வைத்துத் தூக்கினோம். வறட்சி எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை என்று அன்று எனக்குப் புரிந்தது. மழையைப் பங்கிடுவது மலை. தண்ணீரைப் பங்கிடுவது மனிதர்கள்.

நம் நகரத்தின் நிலைமையை ஒரே படத்தில் காட்ட வேண்டுமென்றால் நான் இரண்டு சுரங்கங்களைக் காட்டுவேன். ஒன்று ஸ்மார்ட் சுரங்கம். 9.7 கிலோமீட்டர் நீளம், 2007இல் திறக்கப்பட்டது. அடைமழையில் கிள்ளான் ஆற்றின் வெள்ளத்தை நகரத்தின் நடுப்பகுதிக்கு வராமல் திருப்பிவிடுவது அதன் வேலை. இன்னொன்று பகாங்-சிலாங்கூர் சுரங்கம். 44.6 கிலோமீட்டர் நீளம். பகாங்கில் காராக் பக்கம் செமந்தான் ஆற்று நீரை, தித்திவங்சா மலையின் அடிவயிற்றைத் துளைத்து உலு லங்காட்டுக்குக் கொண்டு வருவது. நாள் ஒன்றுக்கு 189 கோடி லிட்டர் கொண்டு வரக்கூடியது. தண்ணீரை வெளியே தள்ள ஒரு சுரங்கம், தண்ணீரை உள்ளே கொண்டு வர அதைவிட நான்கு மடங்குக்கும் நீளமான இன்னொரு சுரங்கம். இரண்டும் ஒரே நகரத்துக்கு.

இது யாரையும் கேலி செய்யச் சொல்லவில்லை. இரண்டுமே தேவைப்பட்டதால் கட்டப்பட்டவை. ஆனால் ஏன் தேவைப்பட்டன என்று யோசியுங்கள். கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் சேரும் சேற்று முகத்துவாரத்தில் பிறந்த நகரம் இது. செங்கல் சுட்ட ஆற்றங்கரை நிலம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். ஒரு காலத்தில் மண் குடித்த மழையை இன்று தார்ச்சாலையும் சிமெண்டும் குடிப்பதில்லை. பெய்த சில மணி நேரத்தில் கால்வாய், ஆறு, கடல் என்று போய்விடுகிறது. போகிற வழியில் அழுக்காகியும் விடுகிறது. கிள்ளான் ஆறு நம் வாசலில் ஓடியும் அதை நம்பி நாம் குடிக்க முடியவில்லை. ஆற்றைக் கெடுத்தவன் மழையைக் குறை சொல்ல முடியாது.

சென்னையும் இதே பாடத்தைத்தான் படித்தது. 2015இல் மூழ்கிய அதே நகரம் 2019இல் வற்றியது. புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளத்திற்கும் வறட்சிக்கும் இடையே நான்கே ஆண்டு. ஏரியும் குளமும் சதுப்பு நிலமும் கட்டடமாகிப்போன ஊரில், மழை வந்தால் தங்க இடமில்லை. மழை போனால் எடுக்க இருப்பில்லை.

நம்மால் ஆவது என்ன?

தித்திவங்சாவை நாம் நகர்த்த முடியாது. பசிபிக்கின் சூட்டை நம் சங்கம் தீர்மானம் போட்டுக் குறைக்க முடியாது. மழைக்காக அம்மனை வேண்டுவது நம் வழக்கம், அதை விடவும் வேண்டாம். ஆனால் வேண்டிப் பெற்ற மழையை என்ன செய்தோம் என்பதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். மலேசியரில் ஒருவர் ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கும் மேல் செலவழிக்கிறார். சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குழாய்க் கசிவு, திருட்டு, அளவுமானிக் கோளாறு என்று கணக்கில் வராமலே போகிறது. இவை இரண்டும் வானத்தின் குற்றமல்ல.

ஒவ்வொரு கிளையும் இந்த ஆண்டு செய்யக்கூடிய நான்கு வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் பகுதி கோயிலின் கூரை மழைநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். கால்வாய்க்குப் போனால், நிர்வாகத்தாரிடம் மரியாதையாகப் பேசி ஒரு தொட்டி வைக்கச் சொல்லுங்கள். பிரகாரம் கழுவவும் செடிக்கு ஊற்றவும் அந்த நீர் போதும். குடிக்கும் நீரால் தரை கழுவ வேண்டியதில்லை. தொட்டிக்கு மூடி அவசியம், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு குடிவந்துவிடும்.

இரண்டாவது, உங்கள் குடியிருப்பில் தனியாக வாழும் முதியோர், உடற்குறையுள்ளோர், கைக்குழந்தை உள்ள வீடுகளின் பட்டியலை இப்போதே எடுத்து வையுங்கள். தண்ணீர் நின்ற பிறகு தேடக்கூடாது. யார் எந்த வீட்டுக்கு வாளி தூக்குவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆற்றங்கரையில் செய்யும் சடங்குகள். அஸ்தி கரைப்பதும் பூசைப் பொருள் விடுவதும் நம் உரிமை. பிளாஸ்டிக் பையையும் பாலிஸ்டிரீனையும் சேர்த்து விடுவது உரிமை அல்ல. நதியைத் தாய் என்று சொல்கிறவர்களே அதைச் செய்யலாமா?

நான்காவது, ஒரு மழைமானி. வீட்டிலேயே செய்யலாம். நேரான பக்கங்கள் உள்ள ஒரு பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும். திறந்த இடத்தில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். கிள்ளானில் ஒருவர், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவர், முடிந்தால் கோலகுபு பாருவில் ஒருவர். ஓர் ஆண்டு முடிவில் மூன்று நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் உங்கள் கையெழுத்திலேயே படிப்பீர்கள்.

வகுப்பில் கலந்துரையாட:

1. ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரையில் மழை குறைவாக இருந்தும் ஆறு ஏன் பெருகுகிறது? இதே முறையில் உங்கள் வீட்டுக் குழாய் நீர் எந்த மலையிலிருந்து வருகிறது?

2. தைப்பிங்கிற்கும் ஜெலெபுவிற்கும் மழையில் இத்தனை வேறுபாடு ஏன்? படம் வரைந்து விளக்குக.

3. தாது வருஷத்தில் வறட்சி பஞ்சமானது எப்படி? இன்றைய கிள்ளான் பள்ளத்தாக்கில் வறட்சி வந்தால் முதலில் துன்பப்படுவோர் யார்? அதை மாற்ற உங்கள் கிளை என்ன செய்யும்?

மூன்றாவது கேள்விக்கான பதிலை மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் போதாது. அடுத்த வறண்ட பிப்ரவரிக்கு முன் செய்து முடியுங்கள்.